இரும்பு மறைத்த மரம்: ஒரு மடக்குக் கத்தியின் முதல் நாற்பது நாட்கள்

மூன்று நாட்களாக விடாமல் மழை பெய்கிறது. துணிகள் காயவில்லை, தீப்பெட்டி நமுத்துவிட்டது, வாசற்கதவு ஆண்டுதோறும் செய்வதைப் போல நிலையோடு உரசத் தொடங்கிவிட்டது. இந்த ஈரத்தில் இன்று காலை கத்தியை எடுத்து, அலகிலுள்ள நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன், தடையில்லாமல் திறந்துகொண்டது. ஒரு மடக்குக் கத்தி திறந்ததைச் செய்தியாக எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஜூன் 8ஆம் தேதி காலையில் இதே கத்தியைத் திறக்க முயன்று நகம் பிளந்து, இடுக்கியைத் தேடி வீடு முழுவதும் அலைந்தவனுக்கு அது செய்திதான். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை நடந்தவற்றை, தவறுகளையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கத்தி, பிரான்ஸ் நாட்டு ஓப்பினெல் எட்டாம் எண், கார்பன் எஃகு அலகு கொண்டது. மே 24 அன்று கையில் கிடைத்தது. அஞ்சல் செலவு உட்பட ரூ.1,750 ஆனது. நாகர்கோவிலை ஒட்டிய எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வாழையிலை அறுப்பது, சாக்கு வாய்க் கயிறு வெட்டுவது, மாங்காய் நறுக்குவது என்று அன்றாடம் பையில் கிடக்க ஒரு கத்தி வேண்டியிருந்தது. இதே கத்தியில் துருப்பிடிக்காத எஃகு வகையும் உண்டு. அதில் துருவைத் தடுக்கும் குரோமியம் கலந்திருக்கிறது. கார்பன் வகையில் அந்தக் காப்பு கிடையாது, ஏறத்தாழ 0.9 விழுக்காடு கார்பன் கொண்ட வெறும் எஃகு அது. அதையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தேன். அம்மாவின் அரிவாள்மணை அப்படிப்பட்ட இரும்புதான். வாழைப்பூ நறுக்கிக் கறுத்து, எண்ணெய் தடவித் துடைத்துத் துடைத்து, நாற்பது ஆண்டுகளாக வேலை செய்கிறது. அந்த இரும்பைப் பேணத் தெரிந்தவனுக்கு இந்தக் கத்தியைப் பேணுவதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அரிவாள்மணையில் இரும்பு மரத்துக்குள் மடங்குவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வியந்தது எடையைப் பார்த்து. சமையலறைத் தராசில் 47 கிராம் காட்டியது. ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. அலகின் நீளம் 85 மி.மீ., மடக்கிய நிலையில் கத்தியின் நீளம் 110 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது அலகின் முதுகு 1.65 மி.மீ. தடிமன் இருந்தது. வாய்க்கும் முதுகுக்கும் இடையிலான உயரம் அகலமான இடத்தில் 18 மி.மீ. தோட்ட வேலைக்கு இவ்வளவு மெல்லிய அலகு தாங்குமா என்று முதலில் ஐயப்பட்டேன். ஆனால் நறுக்கும் வேலைக்கு இந்த மெலிவே பெரிய நன்மை என்பது முதல் மாங்காயிலேயே தெரிந்துவிட்டது. தடித்த அலகு மாங்காயைப் பிளக்கும். இது அறுத்துக்கொண்டு போகிறது.

கைப்பிடி பீச் (beech) மரம். உருண்டு, நடுவில் சற்றே பருத்து, கடைசியில் மீன்வாலைப் போலச் சாய்வாக வெட்டுப்பட்டு முடிகிறது. இந்த உருவத்தில் 1890ஆம் ஆண்டிலிருந்து பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஓப்பினெல் அந்த ஆண்டில் இதை வடிவமைத்தார். 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு அளவு வாரியாகச் செய்யத் தொடங்கினார். அலகில் பொறித்திருக்கும் முடிசூடிய கை 1909இல் வந்த முத்திரை. அலகைப் பூட்டும் எஃகு வளையம் 1955இல் சேர்ந்தது. கைப்பிடியின் தலையில் சுழலும் அந்த வளையத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி திறக்கும். வளையத்தைச் சற்றுத் திருகினால் திறந்த கத்தி மடங்காது. 2000ஆம் ஆண்டு முதல் மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும்படி வளையத்தைத் திருத்தியிருக்கிறார்கள். விற்சுருள் இல்லை, திருகாணி இல்லை. ஓர் அலகு, ஒரு மரத்துண்டு, ஒரு கீலாணி, அதைச் சுற்றி ஒரு பட்டை, அதன்மேல் ஒரு வளையம், மொத்தம் ஐந்தே உறுப்புகள். எனக்கு இந்தக் கத்தியைப் பிடித்துப்போனதற்கு அந்தச் சிக்கனமே முதல் காரணம்.

அந்த நாளிலேயே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். கைப்பிடியின் வெளிப்புறம் வழவழப்பாக வார்னிஷ் பூசப்பட்டிருந்தது. ஆனால் அலகு உள்ளே போய் அமரும் காடியின் சுவர்களை ஒரு குச்சியால் தடவியபோது வெறும் மரத்தின் சொரசொரப்பு தெரிந்தது. தெரிந்தும் அதைப் பொருட்படுத்தவில்லை. என் கவனம் முழுவதும் அலகு துருப்பிடித்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தது.

முதல் வாரம் முழுவதையும் இரும்புக்கே கொடுத்தேன். இரண்டாம் நாள் நான்கு மாங்காய் நறுக்கியதில் வாயோரம் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிழல் படர்ந்தது. புளிப்பும் துவர்ப்பும் பட்டு இரும்பின் மேல் உருவாகும் இந்தக் கருமைதான் பின்னால் செந்துரு ஏறாமல் ஓரளவு காக்கிறது. அதைத் தானாக வரவிட்டிருந்தால் ஒரு மாதத்தில் வந்திருக்கும். பொறுமை இல்லாமல், ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கால் டம்ளர் நீரில் கரைத்து, கத்தியைத் திறந்த நிலையில் தலைகீழாகப் பிடித்து அலகை மட்டும் அதில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். எடுத்துப் பார்த்தபோது கருமை திட்டுத்திட்டாக இருந்தது. புளிநீரின் மேல்மட்டம் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு அரித்திருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே ஆரஞ்சு நிறத்தில் துரு. ஆயிரம் எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்ததில் துரு போய்விட்டது, கோடு இன்னும் போகவில்லை.

அதன் பிறகு அவசரப்படாமல் வாழைப்பூவிடம் ஒப்படைத்தேன். இரண்டு பூ ஆய்ந்து நறுக்கியதும் அலகு மயில்கழுத்து நிறம் கொண்டது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நம் ஊருக்குப் பழைய அறிவுதான். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் கூட்டி மை காய்ச்சியவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: கருமை நன்றாக ஏறும்வரை, நறுக்கிய ஆப்பிளிலும் வெங்காயத்திலும் மெல்லிய இரும்பு வாடை இருந்தது. பத்து நாட்களில் அது நின்றுவிட்டது.

இந்த வாரத்தில் ஒரு நாள், பூட்டு வளையத்தைத் திருகாமல் கத்தி முனையால் சாக்கின் தையலைக் கிளறப்போய், அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் அரை அங்குலம் கீறிவிட்டது. வளையம் தானாகப் பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் நாம்தான் திருக வேண்டும். அந்தப் பழக்கம் கைக்கு வர ஒரு காயம் தேவைப்பட்டது.

உண்மையான சிக்கல் ஜூன் 7 அன்று தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை இறங்கி நாலைந்து நாட்கள் ஆகியிருந்தன. அன்று மாலை ஒரு பலாப்பழத்தை வெட்ட இந்தக் கத்தியை எடுத்தேன். எண்ணெய் தடவிக்கொண்டுதான் வெட்டினேன். இருந்தும் பால் அலகில் ஒட்டி, காடிக்குள்ளும் வளையத்தின் அடியிலும் புகுந்துவிட்டது. அதைப் போக்குவதற்காகக் குழாயடியில் சோப்பு நுரையோடு பழைய பல்துலக்கியால் காடிக்குள் தேய்த்துக் கழுவினேன். பிறகு அலகை மட்டும் நன்றாகத் துடைத்து எண்ணெய் தடவி, மடக்கி, சன்னல் திண்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரும்பைத் துடைத்தாயிற்று என்ற நிம்மதியோடு உறங்கினேன். இரவு முழுவதும் மழை அடித்தது.

மறுநாள் காலையில் கத்தி திறக்கவில்லை. நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்ததில் நகம்தான் பிளந்தது. நீரைக் குடித்த மரம் உப்பி, கீலாணியைச் சுற்றியுள்ள பகுதியில் அலகின் அடியை இருபுறமும் கவ்விக்கொண்டுவிட்டது. இடுக்கியின் வாயில் துணியைச் சுற்றி அலகின் முதுகைப் பிடித்து இழுத்தேன். முக்கால் அங்குலம் வந்து நின்றது. மேலும் இழுத்தால் மெல்லிய அலகு வளைந்துவிடுமோ என்ற அச்சத்தில் விட்டுவிட்டேன். இதற்குச் சவோய்க்காரர்களிடம் ஒரு கைவழக்கம் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருகி, கைப்பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால், அலகு தன் எடையாலேயே துள்ளிச் சற்று வெளியே வரும். வந்ததை விரலால் பிடித்து இழுத்துவிடலாம். அம்மிக்கல்லின் விளிம்பில் நான்கு தட்டுத் தட்டியதில் திறந்தது. வளையத்துக்கு அடியில், நான் துடைக்காத அந்த அரை அங்குலத்தில், செந்துரு ஒரு மோதிரம் போலப் படிந்திருந்தது.

இதற்கு நான் கண்ட முதல் தீர்வு, மரத்தைக் காய வைப்பது. கத்தியைத் திறந்து, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் வெப்பம் வரும் இடத்தில் இரண்டு நாட்கள் தொங்கவிட்டேன். ஜூன் 10 அன்று எடுத்தபோது அலகு வெண்ணெயில் நகர்வதைப் போல மடங்கியது. வளையம்கூடத் தளர்ந்து ஆடியது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். இரண்டே நாட்களில், கழுவாமலேயே, மழைக்காற்றின் ஈரத்தை மட்டும் குடித்து மரம் மறுபடியும் இறுகியது. அதோடு, வேகமாகக் காய்ந்ததில் கைப்பிடியின் தலைப்பக்கம், வளையத்துக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அதன் நீளம் 6 மி.மீ. கத்திக்கு நேர்ந்த கேடுகளில் இது ஒன்றுதான் திருத்த முடியாதது. அதுவும் நானாகச் செய்துகொண்டது.

இரண்டாவது தீர்வு, தேங்காய் எண்ணெய். எங்கள் வீட்டில் எது இறுகினாலும் கை முதலில் போவது அங்கேதான். ஒரு மூடி எண்ணெயைச் சூடாக்கிக் காடிக்குள் ஊற்றி, ஓரிரவு ஊறவிட்டேன். மூன்று நாட்கள் கத்தி மிக இணக்கமாக நடந்துகொண்டது. நான்காம் நாள் சட்டைப்பையின் அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தது. காடிக்குள் பஞ்சும் மண்ணும் ஒட்டிப் பிசுக்காகி, அலகு திறக்கும்போது இழுத்துப் பிடித்தது. சற்றே சிக்கு வாடையும் வந்தது. பக்கத்துத் தெருவில் கதவு செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, தேங்கா எண்ணெ மரத்துக்குள்ள போனா எண்ணெயாவேதான் கெடக்கும், காயாது. காயிற எண்ணெய ஊட்டணும். அதுக்கு முன்னாடி எங்க உரசுதுன்னு பாத்து அங்க மட்டும் செதுக்குங்க” என்றார். பத்து நாட்களாக நான் சுற்றிவந்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

எங்கே உரசுகிறது என்று பார்ப்பதற்கு முதலில் வளையத்தைக் கழற்ற வேண்டும். அது ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வில்போன்ற எஃகு வளையம். உள்ளே இருக்கும் பட்டையின் மேல் இறுக்கமாக அமர்ந்திருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு ஹார்டுவேர் கடையில் ரூ.220 கொடுத்து, வெளிப்புறமாக விரியும் சர்க்ளிப் பிளையர் வாங்கினேன். அதன் இரு முனைகளையும் வளையத்தின் வெட்டுக்குள் வைத்து மெதுவாக விரித்தால் வளையம் மேலே கழன்று வரும். நான் மெதுவாக விரிக்கவில்லை. வளையம் பறந்து சுவரில் பட்டு அலமாரிக்கு அடியில் போனது. எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த முறை கையையும் கத்தியையும் ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு கழற்றுவேன். கீலாணியைத் தட்டி எடுத்து அலகையே தனியாக்கும் எண்ணமும் வந்தது. அந்த ஆணியின் முனைகளை அடித்துப் பரப்பியிருக்கிறார்கள். எடுத்தால் அதே இறுக்கத்தில் திரும்பப் பொருத்த என்னிடம் கருவி இல்லை. ஆகவே அதைத் தொடவில்லை.

உரசும் இடத்தைக் கண்டறிய மனைவியின் கண்மை உதவியது. மர இணைப்புகளில் சாயம் தடவிப் பார்க்கும் முறைதான் இது. அலகின் அடிப்பகுதியில் இருபுறமும் கண்மையை மெல்லியதாகத் தடவி, மூன்று முறை மடக்கித் திறந்தேன். அலகு எங்கெல்லாம் மரத்தை அழுத்துகிறதோ அங்கெல்லாம் காடியின் சுவரில் கருப்பு படிந்தது. காடி முழுவதும் இறுகியிருக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, கறை கீலாணியிலிருந்து 12 மி.மீ. தூரத்துக்குள் மட்டும், அதிலும் இடப்பக்கத்தில் அதிகமாகவும் வலப்பக்கத்தில் ஒரு பயறு அளவும் இருந்தது வியப்பாக இருந்தது. கண்மையைத் தடவாமல் காடி முழுவதையும் தேய்த்திருந்தால் கத்தி கிலுகிலுப்பை ஆகியிருக்கும்.

தேய்ப்பதற்கு 240 எண் உப்புத்தாளை 10 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டிக்கொண்டேன். மரம் உப்பியிருக்கும்போது பட்டை உள்ளே நுழையாது. அதனால் கத்தியை முந்தைய நாளே மின்விசிறியின் கீழ் வைத்திருந்தேன். பட்டையின் உப்புப் பக்கம் மரத்தைப் பார்க்கவும் வழவழப்பான பக்கம் அலகைப் பார்க்கவும் இடையில் செருகி, காலணிக்கு மெருகேற்றுவதைப் போல முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். இருபது இழுப்புக்கு ஒரு முறை கண்மை தடவிச் சோதித்தேன். எவ்வளவு இடைவெளி போதும் என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சாதாரண அச்சுத்தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் கொண்டது. காய்ந்த நிலையில் இருபுறமும் ஒவ்வொரு தாள் உராய்வோடு நுழைந்தால் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். வலப்பக்கத்தில் அந்த அளவில் நிறுத்திவிட்டேன். இடப்பக்கத்தில் கை நிற்கவில்லை; இரண்டு தாள் நுழையுமளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதன் விளைவாக, மடக்கிய நிலையில் அலகின் முனை காடியின் நடுவில் அமராமல் இடப்பக்கம் அரை மி.மீ. சாய்ந்து நிற்கிறது. வெட்டும்போது அது எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் என் கண் அங்கேதான் போகிறது.

அடுத்தது, காயும் எண்ணெய். பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் விரைவில் காயும், ஆனால் அதில் உலர்த்தும் உலோக உப்புகள் கலந்திருக்கும். பழம் நறுக்கும் கத்தி என்பதால் அது வேண்டாமென்று, உண்பதற்காக விற்கும் செக்கு ஆளிவிதை எண்ணெயை 200 மி.லி. ரூ.240க்கு வாங்கினேன். கைப்பிடியை முழுவதும் மூழ்கவைக்க ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்தேன். அதில் 200 மி.லி. எண்ணெய் பாதி உயரத்துக்குக்கூட வரவில்லை. பையனின் கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணெயின் மட்டத்தைக் கீலாணி வரைக்கும் ஏற்றினேன். முப்பத்தொரு குண்டுகள் பிடித்தன. அலகைத் திறந்து மேல்நோக்கி நிறுத்தி, அதன்மேல் காகிதமும் நாடாவும் சுற்றி, 24 மணி நேரம் ஊறவைத்தேன். எடுத்த பின் பார்த்தால், வார்னிஷ் பூசிய வெளிப்புறத்தில் எண்ணெய் ஒரு துளியும் ஏறவில்லை; ஏறியது காடியின் வெறும் சுவர்களிலும் வால்முனையிலும்தான். அதற்கு மூழ்கடிக்க வேண்டிய தேவையே இல்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியால் காடிக்குள் நான்கு முறை பூசியிருந்தால், 20 மி.லி. எண்ணெயில் இதே வேலை முடிந்திருக்கும். மீதி எண்ணெயை இப்போது வீட்டு நாற்காலிக் கால்கள் குடித்துக்கொண்டிருக்கின்றன.

எண்ணெய் துடைத்த துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகும்; துணியைக் கசக்கிச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பற்றும் ஆபத்து உண்டு. விரித்துக் கொடியில் காயப்போட வேண்டும், அல்லது நீருள்ள வாளியில் அமிழ்த்திவிட வேண்டும். மழை நாள் என்பதால் நான் வாளியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊறிய மறுநாள் அலகு முன்பைவிட இறுகியிருந்தது. உழைப்பெல்லாம் வீணாயிற்றோ என்று கலங்கினேன். எண்ணெயும் மரத்தைச் சற்று உப்பவைக்கத்தான் செய்யும்; காயக் காயத் தளர்ந்துவிடும். வெயில் காலமாக இருந்தால் நான்கைந்து நாட்களில் காய்ந்திருக்கும். இந்த ஈரத்தில் ஒன்பது நாட்கள் ஆயின. தினமும் ஒரு முறை அலகை ஆட்டிவிட்டு, காடியில் கசிந்து நின்ற எண்ணெயைத் துணி நுனியால் ஒற்றி எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தை இம்முறை நாடவில்லை. ஒன்பதாம் நாள் பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுத் தேய்த்தபோது ஒட்டாமல் வெளியே வந்தது.

கடைசிப் பூச்சு தேன்மெழுகு. தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன மார்த்தாண்டம் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு மெழுகுக்குப் பஞ்சமில்லை. நூறு கிராம் ரூ.90. ஒரு பங்கு மெழுகையும் மூன்று பங்கு ஆளிவிதை எண்ணெயையும் கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, தலைமுடி உலர்த்தியால் கைப்பிடியைச் சற்றுச் சூடாக்கி, காடிக்குள் தடவினேன். வளையத்துக்கு அடியிலிருந்த துருவைச் சுரண்டி, அங்கேயும் அதே கலவையைப் பூசி, வளையத்தை மறுபடி மாட்டினேன். கழற்றியபோது பறந்து, தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆன வளையம், மாட்டும்போது இரண்டு நிமிடத்தில் அமர்ந்துவிட்டது.

ஜூன் 30 அன்று சோதனை. கத்தியை மடக்கிய நிலையில் குழாயடியில் அரை நிமிடம் பிடித்து, உதறி, துடைக்காமல் ஒரு மணி நேரம் வைத்தேன். திறந்தது, சற்று இறுக்கத்தோடு. அலகைத் துடைத்து, அன்றிரவு அதே சன்னல் திண்டில், அதே மழையில் வைத்தேன். காலையில் நகத்தாலேயே திறந்தது. அம்மிக்கல்லுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

சாணை பிடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தபோதே செய்தித்தாளை வழுக்கிக்கொண்டு அறுக்கும் கூர் இருந்தது. ஒரு மாதம் கழித்துத் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கியது. வீட்டிலிருந்த இருபக்கக் கார்போரண்டம் கல்லின் முரட்டுப் பக்கத்தில் பத்துத் தேய்ப்புத் தேய்த்தது தவறு. அது மண்வெட்டிக்கான கல். இந்த மெல்லிய வாயில் அது ரம்பப்பல் போலக் கீறல்களை விட்டது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஆயிரம் எண் வாட்டர் பேப்பரை நீரால் ஒட்டவைத்து அதில் தீட்டினேன். மூன்று நாணயங்களை அடுக்கிய உயரத்துக்கு, அதாவது 5 மி.மீ.க்குச் சற்று மேல், முதுகைத் தூக்கிப் பிடித்தால் கோணம் ஏறத்தாழ 17 பாகை வருகிறது. ஒரு பக்கம் தேய்த்து மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை, பிறகு பக்கம் மாற்றி, கடைசியில் பழைய தோல் இடைவாரின் உட்புறத்தில் முப்பது முறை இழுத்தேன். மொத்தம் பதினைந்து நிமிடம். கார்பன் எஃகை நான் விரும்பியதற்கு இந்தப் பதினைந்து நிமிடமே நியாயம் சொல்லிவிட்டது. துருப்பிடிக்காத எஃகில் செய்த எங்கள் சமையல் கத்திக்கு இதே தாளில் இதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது.

பையில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா என்று பலர் கேட்டார்கள். இந்திய ஆயுத விதிகள் உரிமம் கேட்பது, வீட்டு வேலைக்கோ வேளாண்மைக்கோ தொழிலுக்கோ என்றில்லாமல் செய்யப்பட்ட, 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுகளுக்கு. இது மூன்றரை அங்குலத்துக்கும் குறைவு. இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. பேருந்திலும் கூட்டத்திலும் இதை எடுத்து ஆரஞ்சு உரிக்கும் ஆர்வத்தை நான் அடக்கிக்கொள்கிறேன்.

செலவுக் கணக்கு: கத்தி ரூ.1,750, சர்க்ளிப் பிளையர் ரூ.220, ஆளிவிதை எண்ணெய் ரூ.240, தேன்மெழுகு ரூ.90, உப்புத்தாளும் வாட்டர் பேப்பரும் சேர்ந்து ரூ.60. ஆக ரூ.2,360. இதில் கத்தியையும் பிளையரையும் தவிர மற்றவற்றில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. இன்னொரு கத்தி வாங்கினால், பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, மழை வருவதற்கு முன், காடிக்குள் ஆளிவிதை எண்ணெயைப் பஞ்சுக்குச்சியால் பூசிவிடுவேன். உப்புத்தாளைத் தொடுவது அதன் பிறகும் இறுகினால் மட்டுமே. பலாப்பழத்துக்கு அம்மாவின் அரிவாளை எடுப்பேன். பால் ஒட்டினால் நீரைத் தேடாமல், எண்ணெய்த் துணியால் துடைத்து எடுப்பேன்.

கைப்பிடியின் தலையிலுள்ள அந்த வெடிப்பு அப்படியே இருக்கிறது. அதன் நுனியில் கூரான பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஜூன் 18 என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெடிப்பு இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.